பின்கட்டில் எழுதிய விற்பனைப் புத்தகம்

ஆம்ஸ்டர்டாமில் கணக்கு வேலை எனக்கு. இயக்குநர் மாறினார், நிறுவனத்தின் பெயர் மாறியது, பங்கு கைமாறியது என்று பதிவுத் தாள்களைத் திருத்தி அனுப்புவதிலேயே பாதி நாள் போய்விடும். ஒரு பெயர் போகும், இன்னொன்று ஏறும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கையெழுத்து சரியாக இருந்தால் போதும்.

இந்த ஊரின் பிரின்சன்கிராக்ட் தெருவில் 263-ஆம் எண் கட்டடத்தைப் பார்க்கப் போனவர்கள் எல்லாம், அங்கே ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃப்ராங்கின் அறையைத் தேடினார்கள். என் மனம் அவள் அப்பா ஓட்டோவின் அலுவலகத்திலேயே நின்றுவிட்டது. 1933-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டை விட்டு வந்தவர், ஜாம் கெட்டிப்படச் சேர்க்கும் பெக்டினை விற்றார். அப்புறம் இறைச்சி மசாலாவுக்கு இன்னொரு நிறுவனம். ஜெர்மானியர் நாட்டைப் பிடித்த 1940-இலேயே, அக்டோபரில், யூதர்களின் தொழில்களையெல்லாம் பதிவு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பறிப்பதற்கு முன் ஒரு பட்டியல் வேண்டுமே. ஓட்டோ பொறுப்பிலிருந்து விலகினார். மசாலா வியாபாரம் 1941-இல் 'கீஸ் அண்ட் கோ' ஆனது. கீஸ் என்பவர், அலுவலகத்தில் வேலை பார்த்த மீப்பின் கணவர், யூதர் அல்லர். தாளில் பார்த்தால், நான் தினமும் அனுப்புவது போலத்தான் இருந்திருக்கும்.

1942-இல், யூதர்கள் உடையில் தைத்துக்கொள்ள வேண்டிய மஞ்சள் நட்சத்திரம் வந்தது. டிராமில் ஏறக்கூடாது, சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், இரவு எட்டுக்கு மேல் வெளியே தலைகாட்டக் கூடாது. (சைக்கிளைப் பிடுங்குவது என்றால் என்னவென்று இந்த ஊரில் ஒரு வாரம் இருந்தாலே புரியும்.) ஜூலை 5 அன்று மூத்தவள் மார்கோட்டுக்கு முகாம் வேலைக்கு அழைப்பு வந்தது. அவளுக்குப் பதினாறு வயது. மறுநாளே மழையில், உடைமேல் உடை போட்டுக்கொண்டு, அப்பா அலுவலகத்தின் பின்கட்டுக்குள் குடும்பமே ஒளியப் போனது. பின்னால் வந்து சேர்ந்தவர்களோடு எட்டுப் பேர்.

கீழே கிடங்கில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு விஷயம் தெரியாது. அதனால் அலுவலக நேரம் முழுக்க மேலே மூச்சு விடவும் பயம். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக்கூட முடியாது. பன்னிரண்டரைக்குக் கிடங்கு ஆட்கள் சாப்பிடக் கிளம்பியதும்தான் பேச்சுக்குரல் எழும். உதவி செய்த ஊழியர்கள் மேலே வந்து கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 1944 ஆகஸ்ட் 4 வரை இப்படித்தான். பிடிபட்ட எட்டுப் பேரில் ஓட்டோ மட்டுமே உயிரோடு திரும்பினார்.

எனக்கு மறக்காதது ஒன்று. பின்கட்டில் இருந்தபோது அந்த இரண்டு பெண்களும் அலுவலக வேலையில் கைகொடுத்திருக்கிறார்கள். கடிதங்களைக் கோப்பில் அடுக்குவார்கள், விற்பனைப் புத்தகத்தில் வரவு எழுதுவார்கள். அப்பாவின் பெயரை எடுத்துவிட்ட நிறுவனத்தின் கணக்கு. ஒரு பிழை வராமல் எழுதுகிறோம் என்று ஆனுக்கு அதில் பெருமை வேறு.