சித்திரையில் சருகு கூட்டுகிறோம்

இன்று ஏப்ரல் 27, தென்னாப்பிரிக்காவில் விடுதலை நாள் விடுமுறை. காலையில் நானும் பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு சாக்குச் சருகு கூட்டினோம். போன வாரம் ஒரு சாக்குதான். மே பிறந்தால் மூன்று, நான்கு என்று ஏறும். எங்கள் முன்வாசலில் ஒரு லிக்விடம்பர் மரம் நிற்கிறது. விரல் விரித்த கை மாதிரி இலை. சித்திரை பிறக்கும்போது உச்சிக் கிளையில் மட்டும் நிறம் மாறத் தொடங்கும். அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே இறங்கும். மஞ்சள், செங்கல் நிறம், கத்தரிக்காய் ஊதா எல்லாம் ஒரே கிளையில் இருக்கும். அதைப் பார்க்கவே நான் சமையலறை ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை.

நான் கோவில்பட்டிக்காரி. கரிசல் மண். அங்கேயும் மரங்கள் இலை உதிர்க்கும். மாசியில் வேம்பு கொட்டும், பங்குனியில் துளிர்த்துவிடும். ஆனால் அதை ஒரு பருவமாக யாரும் எண்ணியதில்லை. சித்திரை என்றால் வெயில். நுங்கு, பதநீர், மத்தியானத்தில் நாய்கூட நடமாடாத தெரு. அதுதான் எனக்குச் சித்திரை.

2009இல் கல்யாணமாகி இங்கே, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துக்கு வந்தேன். இங்கே வந்து கண்ட முதல் வருசப்பிறப்பு அன்று காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். பச்சடி செய்ய மாங்காய் இல்லை, பருவம் முடிந்திருந்தது. வேப்பம்பூவும் இல்லை. அன்றைக்கு இங்கே விடுமுறையும் கிடையாது. கணவர் வேலைக்குப் போய்விட்டார். தமிழில் ஆறு பருவம் வைத்து, சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று நம் ஆட்கள் பெயரிட்டிருக்கிறார்கள். அதே இரண்டு மாதம் இங்கே இலை உதிர்கிற காலம். காலண்டர் ஒன்று சொல்ல, வாசல் வேறு ஒன்று சொன்னது. அன்று நான் அழுதேன்.

என் அத்தைதான், அதாவது மாமியார், என்ன வேண்டும் என்று கேட்டார். கசப்பு வேண்டும் என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு வெந்தய டப்பாவை எடுத்து நீட்டினார். மாங்காய்க்கு, அவர் டிசம்பரில் வெட்டி ஃப்ரீஸரில் போட்டுவைத்திருந்த துண்டுகள் வந்தன. அந்தப் பச்சடியைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

இங்கே வேம்பு போலவே ஒரு மரம் உண்டு. சிரிங்கா என்பார்கள், மலைவேம்பு இனம். பழைய ஆட்கள் அம்மனுக்கு வேப்பிலை கிடைக்காதபோது இதன் கொத்தைத்தான் கட்டினார்கள். சித்திரையில் அதன் இலையும் மஞ்சளாகும், காயும் மஞ்சளாகும். காய் விஷம். அதனால் மகன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, "அது சாமிக்குக் கண்ணு, வாய்க்கு இல்ல" என்று அத்தை சொல்லிச் சொல்லி வளர்த்தார்.

அத்தையின் தமிழ் கொஞ்சம்தான். அவருடைய பாட்டன் முப்பாட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் முதலில் வந்தது; 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அத்தை பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால் வீட்டுச் சாமான்களின் பெயர் மட்டும் தமிழில் நின்றுவிட்டது. அடுப்பு, சோறு, தொடப்பம். நான் வாரியல் என்பேன். இன்று காலையில் மகன் கையில் இருந்தது தொடப்பம், மகள் கையில் இருந்தது வாரியல். இரண்டும் கடையில் ஒன்றாக வாங்கியவைதான். அவர்களுக்கு இங்கே ஒரு ஆயா, கோவில்பட்டியில் ஒரு ஆச்சி. யாரிடம் எந்தச் சொல் என்று இருவருக்கும் சுத்தமாகத் தெரியும்.

எங்கள் ஊர் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புழுக்கம் தாங்காது. பிற்பகலானால் இடி, மழை. மார்ச் கடைசியில் மழை குறையத் தொடங்கும். ஏப்ரலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகும். துணி ஒரே நாளில் காயும். ஊறுகாய் ஜாடி பூசணம் பிடிக்காது. பகல் வெயில் முதுகுக்கு இதமாக இருக்கும். மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும், உடனே குளிரும். இந்தச் சீக்கிரப் பொழுதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடையில் ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இருப்பார்கள். இப்போது ஆறு மணிக்கெல்லாம் எல்லாரும் சமையலறைக்கு வந்துவிடுகிறார்கள். அங்கேதான் சூடு.

வருடத்துக்கு ஒரு தடவை தாவரவியல் பூங்காவுக்குப் போவோம். 1874இல் தொடங்கியது. அதில் ஒரு நீண்ட பாதை, இரண்டு பக்கமும் பிளேன் மரங்கள். மேலே கிளைகள் சேர்ந்து பந்தல் போட்டிருக்கும். கீழே கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. போன வாரம் அங்கே நடக்கும்போது, இலைக்கு மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று மகன் கேட்டான். மகள் பள்ளியில் படித்ததைச் சொன்னாள். மஞ்சள் முதலிலிருந்தே இலைக்குள் இருக்கிறது. பச்சைதான் அதை மூடியிருக்கிறது. பகல் குறையக் குறைய மரம் அந்தப் பச்சையத்தைக் கரைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிவப்பு மட்டும் அந்த நேரத்தில் புதிதாக உண்டாவது. எனக்கு அத்தையின் ஃப்ரீஸர் ஞாபகம் வந்தது. அதே வாரம்தான் அவரும் பீன்ஸை உரித்து, பை பையாகக் கட்டி, குளிர்காலத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பருவத்தில் நாங்கள் காத்திருப்பது மடும்பேக்காக. சூலு மொழியில் அமடும்பே, இங்குள்ள நம்மவர்களுக்கு மடும்பே, எனக்குச் சேப்பங்கிழங்கு. சோட்டா மோட்டாலா சாலையோரம் சூலுப் பாட்டிகள் மண் ஒட்டிய கிழங்கைப் பிளாஸ்டிக் பேசினில் குவித்து வைத்திருப்பார்கள். வயதான பெண்களைக் கோகோ என்று கூப்பிட வேண்டும், பாட்டி என்று அர்த்தம். நான் வழக்கமாக வாங்கும் கோகோ, சிறிய கிழங்கைத்தான் எனக்குப் பொறுக்கிப் போடுவார். பெரியது மாவாக இருக்காது என்பது அவர் கணக்கு. என் அம்மாவும் இதையேதான் சொல்வாள்.

பச்சையாகத் தோல் சீவினால் கை அரிக்கும். மண் போகக் கழுவி, தோலோடு வேகவைத்து, சூடு ஆறுமுன் உரிக்க வேண்டும். அப்போது தோல் சட்டை கழற்றுவது போல் வந்துவிடும். நான் பெரிய பானையில் மொத்தமாக வேகவைப்பேன். முதல் பங்கு கோகோ சொல்லிக்கொடுத்தபடி: உப்பு மட்டும், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், கட்டன் தேநீரோடு. கணவருக்கு அதுதான் பிடிக்கும். இரண்டாம் பங்கு அத்தைக்குப் போகும். அவர் எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் தக்காளியும் மசிய வதக்கி, சிவப்பு மசாலா போட்டு, புளி கரைத்து ஊற்றிக் கறி வைப்பார். புளிதான் நாக்கு அரிப்புக்கு மருந்து. மிச்சம் இருப்பதை நான் கோவில்பட்டிப் பக்குவத்தில் அரிசி மாவு, மிளகாய்த்தூள், சோம்பு புரட்டி வறுப்பேன். மூன்றும் ஒரே நாளில் மேசைக்கு வரும்போது, யாருடைய சமையல் முதலில் தீர்கிறது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. எல்லாம் தீர்ந்துவிடும்.

பழத்துக்கும் இதுதான் காலம். கொய்யா நிறைய வரும்; உள்ளே சிவப்பு, வீடே மணக்கும். நார்ச்சியும் இப்போதுதான் தொடங்கும். தோல் தளர்ந்த சின்ன ஆரஞ்சு அது. அந்தச் சொல்லே நம் நாரத்தையிலிருந்து வந்தது என்று அகராதிகளில் போட்டிருக்கிறது. கப்பலில் தமிழர் வருமுன்பே டச்சுக்காரர்களோடு நம் சொல் ஒன்று இங்கே வந்து சேர்ந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பழக்கடையில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே எனக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

சொல்லாமல் விட முடியாதது புனித வெள்ளி. கிறித்தவர்களின் அந்த நாளில்தான் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூக்குழி. தோட்டத்தில் கூலிகளுக்கு ஆடிக்கும் பங்குனிக்கும் விடுப்பு கிடையாது. வெள்ளைக்காரரின் பண்டிகைக்குத்தான் கிடைத்தது. கிடைத்த நாளில் அம்மனைக் கொண்டாடினார்கள் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். டர்பன் பக்கம் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலும் ஈஸ்டரை ஒட்டித்தான் திருவிழா. எங்கள் கோயில் லாங்மார்க்கெட் தெருவில்; இப்போது அதற்கு லங்கலிபலேலே தெரு என்று பெயர். மஞ்சள் உடுத்து விரதம் இருப்பவர்கள் குழி இறங்கும்போது, கோவில்பட்டியில் வெறும் காலால் நடந்தாலே சுடுகிற ஆடி மணலை நினைப்பேன். இங்கே காலைக்குளிரில் தரை ஜில்லென்று இருக்கும். அந்தக் கங்கின் அனல் முகத்தில் அடிக்கும்போது சுகமாக இருக்கிறது என்று நினைத்துவிட்டு, உடனே அம்மனிடம் மன்னிப்புக் கேட்பேன்.

எல்லா ஆண்டும் இப்படி இதமாக இருந்ததில்லை. 2022இல் ஏப்ரல் 11, 12 இரண்டு நாளும் டர்பன் பக்கம் கொட்டிய மழையில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். வியாழன் வருசப்பிறப்பு, மறுநாள் புனித வெள்ளி. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. அவர்கள் நான்கு பேரும் எங்களோடு வந்து தங்கினார்கள். அந்த வருசப் பச்சடியை ஒன்பது பேர் சாப்பிட்டோம். நாத்தனார் ஒரு வாய் எடுத்துவிட்டு, "வெந்தயம் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் அண்ணி" என்றாள். யாரும் பதில் பேசவில்லை. இன்றும் வெந்தயத்தைக் கையில் எடுக்கும்போது அந்தக் குரல் கேட்கும். ஒரு சிட்டிகை கூடப் போடுவேன்.

அடுத்த ஆண்டு, 2023இல், மின்வெட்டு கடுமையாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு விளக்குப் போனால் இரண்டு மணி நேரம் இருட்டு, சில நாள் அதற்கும் மேலே. கேஸ் அடுப்பில் கஞ்சி வைத்து, மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அத்தை தன் ஆயாவின் பாட்டு ஒன்றைப் பாடியது அந்த இருட்டில்தான். பாதிச் சொல் அவருக்கே அர்த்தம் தெரியாது. நான் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தேன். நாற்று நடுகிற பாட்டு அது. நாற்றே பார்த்திராத நான்கு தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. இப்போது மின்வெட்டு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் இருட்டின பிறகு மகள் சில நாள் விளக்கை அணைத்துவிட்டு, "ஆயா, பாடுங்க" என்பாள்.

இன்று சருகு கூட்டி முடித்து உட்கார்ந்தபோது அத்தை 1994 கதையைச் சொன்னார். ஒவ்வொரு ஏப்ரல் 27க்கும் சொல்வார். எல்லா நிறத்து மக்களும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட தேர்தல். அவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. முன்னால் ஒரு சூலுப் பெண், பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். மணிக்கணக்காக நின்றார்களாம். வெயில் சுடவில்லை, குளிரும் இல்லை, யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. "அன்னிக்கு வெயில் நல்ல வெயில்" என்று இந்த ஒரு வரியை மட்டும் எப்போதும் தமிழில் சொல்வார்.

சாக்கை அவிழ்த்து, சருகைப் பின்பக்கக் குழியில் கொட்டினோம். எரிப்பதில்லை. சாணமும் மண்ணும் மாறி மாறிப் போட்டு மூடினால் செப்டம்பருக்குள் கறுப்பு மண்ணாகிவிடும். கோகோ கொடுத்த கிழங்கில் முளை கண்ட ஏழெட்டை அத்தை தனியாக எடுத்து, கொட்டகையில் சாம்பல் தூவி வைத்திருக்கிறார். மழை வந்ததும் அந்தக் குழியோரம் நட வேண்டும். மகன் ஒரு சிவப்பு இலையை மட்டும் குழிக்குப் போகாமல் எடுத்து வைத்துக்கொண்டான். ஆச்சிக்கு அனுப்ப வேண்டுமாம். மாலையில் போனில் அம்மாவிடம் அதைக் காட்டினான். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஏல, பெயிண்ட் அடிச்சியா?" என்றாள். வாசல் விளக்கைப் போட்டு, போனைத் தூக்கிக்கொண்டுபோய் மரம் முழுவதையும் காட்டினோம்.