மண்கல் வீட்டுக்கு அனுமதி வாங்கிய கதை: ஈரச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்

போன வாரம் கட்டட அனுமதிப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. பதுளை மாவட்டத் தோட்டம் ஒன்றில் அப்பா, அம்மா பெயருக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியில் அழுத்திய மண்கல்லால் வீடு கட்டுவதற்கான அனுமதி. படிவத்தில் சீமெந்துக் கல் என்று எழுதியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். மண் என்று எழுதியதால் பட்ட பாடு இருக்கிறதே, அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. காணி கிடைத்த வேறு பல குடும்பங்களும் இதே யோசனையில் இருப்பது எனக்குத் தெரியும். நான் இழந்த மாதங்களை அவர்களும் இழக்கக் கூடாது, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் மண் என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. உலகத்தில் மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 8 வீதம் சீமெந்துத் தொழிலில் இருந்து வருகிறது. சூளையில் எரிக்கும் எரிபொருள் அதில் ஒரு பங்குதான். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருந்தே கிளம்புகிற வாயு அதைவிடப் பெரிய பங்கு. செங்கல் என்றால் சூளைக்கு விறகு வேண்டும். மண்கல்லுக்குச் சூளையே இல்லை. சலித்த மண்ணில் 5 முதல் 8 வீதம் சீமெந்து கலந்து, லேசாக ஈரமாக்கி, அச்சு மெசினில் போட்டு நெம்புகோலை இழுத்து அமுக்கினால் கல் வந்துவிடும். "சீமெந்துக் கல்லிலயும் சீமெந்து கொஞ்சம்தானே டீச்சர்" என்று எங்கள் மேசன் பாஸ் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல்லுக்கு மணலும் கல்தூளும் லொறியில் மலையேறி வரவேண்டும், கட்டி முடித்ததும் உள்ளும் வெளியும் பூசவேண்டும். மண்கல்லை ஒழுங்காக வைத்துக் கட்டி, கூரையை அகலமாக இறக்கினால் பூச்சே தேவைப்படாது. சேமிப்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. 2022இல் ஒரு மூட்டை சீமெந்து 3,000 ரூபாய்க்குப் போனதைப் பார்த்த பிறகு, அந்த மூட்டையை நம்பி ஒரு முழு வீட்டுக்கும் திட்டம் போட எனக்கு மனம் வரவில்லை.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மண்கல்லைப் பற்றிப் பல வருடங்களாக ஆராய்ச்சி நடக்கிறது. பேராசிரியர் ரங்கிக ஹல்வதுரவின் குழு உருவாக்கிய மண் கொன்கிரீட் கல்லுக்கு அமுக்கும் மெசின்கூட வேண்டாம், அச்சில் ஊற்றினால் போதும். ஆனால் அதற்கு மண்ணில் சரளை நிறைய இருக்கவேண்டும். எங்கள் காணி மண்ணில் அது இல்லை, களிதான் அதிகம். அதனால்தான் நான் அமுக்கிய கல்லுக்குப் போனேன்.

காணிப் பத்திரம், அளவைப் படம், தோட்ட நிர்வாகத்தின் கடிதம், படம் வரைபவர் எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. மண்சரிவு அறிக்கை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் எடுக்கவேண்டும். அது இல்லாமல் மலையகத்தில் வீட்டுப் படம் நகராது, நகரவும் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் வீடுகளையே புதைத்த மண்சரிவைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நிறுவனத்தில் இருந்து பார்க்க வந்தவர் சரிவை எவ்வளவு வெட்டலாம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று நின்று விளக்கினார். அவர் சொன்ன ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன்: கல்லுக்கு மண் வேண்டும் என்பதற்காக வீட்டுக்குப் பின்னால் மேட்டைத் தோண்டாதீர்கள். அனுமதித்த அளவுக்குத் தளம் வெட்டும்போது வருகிற மண் மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் இருந்து மண் கொண்டுவருவதும் லேசு இல்லை. அதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் போக்குவரத்து அனுமதி வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஏற்றமாட்டேன் என்று டிராக்டர்காரத் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டான், அவன் புண்ணியத்தில் ஒரு வழக்கில் இருந்து தப்பினோம்.

வினை தொடங்கியது வீட்டுப் படத்தை அனுமதிக்கு ஒப்படைக்கப் போன அலுவலகத்தில்தான். கவுண்டரில் இருந்தவர் 'சுவர்' என்ற பகுதியைப் பார்த்ததும் படத்தைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். "மண் வீடெல்லாம் இப்போ பாஸ் பண்றதில்ல மிஸ். மண்ணுல இருந்து வெளிய வரத்தானே தோட்டத்து ஆக்களுக்குக் காணி குடுத்தது?" பக்கத்தில் நின்ற அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. நாற்பது வருடம் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர் அவர். வாழ்நாள் முழுக்க, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்த மனிதருக்கு அந்தப் பேச்சு எங்கே குத்தும் என்று அந்தக் கவுண்டர்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதையேதான் கேட்டார், "லயத்துல கெடந்தது போதாதா புள்ள, இன்னமும் மண்ணா?" இதற்குப் பதில் சொல்வது கவுண்டர்காரருக்குச் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. லயத்துச் சுவர் ஊறியதற்குக் காரணம் மண் என்பதைவிட, அத்திவாரம் தாழ்ந்து கிடந்ததும், கூரை ஒழுகியதும், திருத்தித் தர ஆள் இல்லாததும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா எதுவும் பேசவில்லை. நாங்கள் பழகுவதற்காக அடித்து வைத்திருந்த கற்களில் ஒன்றை எடுத்துப் பீலிக்குக் கீழே இருந்த பீப்பாயில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். மறுநாள் வெளியே எடுத்தபோது ஓரம்கூடக் கரையவில்லை. அன்றிலிருந்து அப்பா என் பக்கம்.

சரி, அதிகாரியை வாயால் நம்பவைக்க முடியாது. அழுத்திய மண்கல்லுக்கு நம் நாட்டிலேயே 2009ஆம் ஆண்டில் இருந்து ஒரு தரநிலை இருக்கிறது: எஸ்.எல்.எஸ். 1382. மூன்று பகுதிகள். முதலாவதில் கல் எப்படி இருக்கவேண்டும் என்ற விதிகள், இரண்டாவதில் சோதனை முறை, மூன்றாவதில் கல் அடிப்பது, கட்டுவது பற்றிய வழிகாட்டல். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தில் விலைக்குக் கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு அந்த அலுவலகத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் நேரே போனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கு, சரி. ஆனா உங்க கல்லு இதுல வருதா எண்டு ஒரு ஆய்வுகூட அறிக்கை கொண்டாங்க" என்றார். அது நியாயம். அவரைப் பற்றி எனக்குக் குறை ஒன்றுமில்லை.

அதனால் சோதனைக்கு ஒழுங்காகக் கல் அடிக்கத் தொடங்கினோம். மண்ணைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன், இதில் அவசரப்படாதீர்கள். தேயிலை வேர் ஓடிய மேல்மண் உதவாது, அதில் உக்கல் அதிகம். அதை முழுவதும் ஒதுக்கிவிட்டுக் கீழ்மண்ணை எடுங்கள். 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு பலகைப் பெட்டி செய்து, ஈரமண்ணை நிரப்பிக் காயவிட்டு எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கவேண்டும். 15 மி.மீ.க்குள் சுருங்கினால் 18 பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சீமெந்து. 15 முதல் 30 மி.மீ. வரை என்றால் 16 பங்குக்கு ஒன்று. எங்கள் மண் அதையும் தாண்டிச் சுருங்கியது. சீமெந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை என்று, கிரஷரில் இருந்து கல்தூள் வாங்கிக் கலந்து சுருக்கத்தைக் குறைத்தோம். தண்ணீர் அளவுக்கு, கலவையை உருண்டை பிடித்துத் தோள் உயரத்தில் இருந்து போட்டுப் பாருங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி, மாவாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது, தட்டையாக ஒட்டிக்கொண்டால் கூடிவிட்டது.

கல் அடித்த மாதம் ஜூலை. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் எங்கள் பக்கத்தில் துணிகூட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், புதுக் கல்லுக்கு அதைவிட எதிரி வேறில்லை. மழை இல்லையே என்று சந்தோஷப்பட்டு வெளியில் அடுக்கினால் மேல்பக்கம் வெடித்துவிடும். பொலித்தீனால் இறுக மூடி, ஒரு வாரமாவது ஈரம் போகாமல் வைத்திருங்கள். சோதனைக்குக் கொண்டுபோக 28 நாள் பொறுக்கவேண்டும்.

அப்புறம்தான் பெரிய அநியாயம். கற்களைச் சாக்கில் சுற்றி, வாடகை வேனில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனோம். ஊரும் பேரும் வேண்டாம், நீண்ட பயணம். கவுண்டரில் பதிவு செய்தவரின் கணினியில் செங்கல் என்று ஒரு தெரிவு, சீமெந்துக் கல் என்று இன்னொன்று. மண்கல் இல்லை. "சீமெந்து கலந்திருக்குத்தானே" என்று சொல்லி இரண்டாவதைத் தட்டிவிட்டார். நான் எஸ்.எல்.எஸ். 1382 என்று வாயால் சொன்னேன், எழுதிய தாளையும் காட்டினேன். "உள்ளுக்குப் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். உள்ளே யாரும் பார்க்கவில்லை. வந்த அறிக்கையில் சீமெந்துக் கல்லுக்கான எஸ்.எல்.எஸ். 855 என்று அச்சாகியிருந்தது. கற்களை உலர்ந்த நிலையிலேயே நசுக்கியிருந்தார்கள். ஈரச் சோதனை இல்லை.

மண்கல்லில் முக்கியமே அந்த ஈரச் சோதனைதான். களிமண் தண்ணீர் குடித்தால் இளகும், அதனால் கல்லை ஊறவைத்து நசுக்கிப் பார்த்தால்தான் உண்மையான பலம் தெரியும். 1382இல் உள்ள மூன்று தரங்களில் கடைசியான மூன்றாம் தரக் கல்கூட உலர்ந்த நிலையில் ஒரு சதுர மி.மீ.க்கு 2.8 நியூட்டனும் ஈரத்தில் 1.2 நியூட்டனும் தாங்கவேண்டும். தண்ணீர் உறிஞ்சுவது 15 வீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த அறிக்கையில் இதில் பாதிகூட இல்லை. திருத்தித் தரும்படி கேட்டேன். கல் முடிந்துவிட்டது, புதிதாகக் கொண்டுவந்து புதிதாகக் காசு கட்டுங்கள் என்றார்கள். பிழை அவர்களுடையது, காசு எங்களுடையது. எவ்வளவு பேசியும் தள்ளுபடி கிடைக்கவில்லை. திரும்பவும் மண் சலித்து, திரும்பவும் அடித்து, திரும்பவும் 28 நாள்.

இரண்டாம் தடவை வாய்ப்பேச்சை நம்பவில்லை. கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையொப்பமும் திகதியும் வாங்கினேன். ஆய்வுகூடத்தில் இருந்த இளம் பொறியியலாளர் ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து, எத்தனை கல் உலர்ந்து, எத்தனை கல் ஊறவைத்து என்று எங்கள் முன்னாலேயே பிரித்து அடையாளம் போட்டார். "அக்கா, முதல் முறை என்கிட்ட வந்திருந்தா இது நடந்திருக்காது" என்றார் சிங்களத்தில். ஈரத்தில் 1.9 வந்தது. பேருந்தில் வரும்போது அந்த எண்ணை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று தெரியாது.

அறிக்கையோடு போனபோதும் அதே கவுண்டர்காரர், படத்தை எடுக்கமுடியாது என்றுதான் தொடங்கினார். இந்த முறை நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். எடுக்கமுடியாது என்றால் எந்த விதியின்படி என்று எழுத்தில் தாருங்கள் என்றேன். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் தயாராக இருக்கிறது என்று தமிழில் நிரப்பிய தாளை மேசையில் வைத்தேன். அதற்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அவர் தாளைப் பார்த்தார், உள்ளே போனார், திரும்பி வந்து படத்தை வாங்கிப் பதிவு இலக்கம் போட்டார். விண்ணப்பத்தைக் கொடுக்கவே தேவை வரவில்லை. சத்தம் போடாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

தளத்துக்கு வந்து பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் இரண்டு நிபந்தனை போட்டார். அத்திவாரம் நிலத்தில் இருந்து நன்றாக உயர்ந்து கருங்கல்லில் வரவேண்டும், கூரை சுவரைத் தாண்டி அகலமாக இறங்கவேண்டும். இரண்டும் நாங்களே படத்தில் போட்டிருந்தவைதான். அம்மாவுக்கு இப்போது கவலை எல்லாம் குசினி எந்தப் பக்கம் என்பதில். வேலை தொடங்குவது வடகீழ்ப் பருவ மழை முடிந்து, தை பிறந்த பிறகு.

ஃபைலில் எப்போதும் இருக்கவேண்டியவை: மண்சரிவு அறிக்கை, 1382இன் முதல் பகுதி, சுருக்கப் பெட்டி அளவுகள், கல் அடித்த திகதிகள், எந்தக் கலவை எந்தக் கல்லில் என்ற குறிப்பு. கல்லை எப்போதும் தேவைக்கு மேலாக அடித்து வீட்டில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் மிச்சம் இருந்திருந்தால் அந்த 28 நாள் மிஞ்சியிருக்கும். மேசன் பாசையும் ஒரு நாளாவது கல் அடிக்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள், பிறகு அவரே ஆட்களிடம் பேசிவிடுவார். ஆய்வுகூடக் கடிதத்தில் நான் எழுதிய வரியைக் கீழே தருகிறேன், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மாற்றிக்கொள்ளலாம், ஒரு சொல்லையும் விடாதீர்கள்:

"இவை சீமெந்தால் உறுதிப்படுத்தி அழுத்திய மண்கற்கள், சீமெந்துக் கற்கள் அல்ல. எஸ்.எல்.எஸ். 1382இன்படி உலர்ந்த நிலை அமுக்க வலிமை, ஈர நிலை அமுக்க வலிமை, நீர் உறிஞ்சல் ஆகிய மூன்றையும் சோதித்து, அறிக்கையில் அந்தத் தரநிலை இலக்கத்தைக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."