ஈமேக்ஸில் விண்டோக்களைப் பிரிப்பதும், பிரித்த அமைப்பைக் காப்பதும்

ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் திரையின் ஒவ்வொரு பிரிவும் ஒரு விண்டோ. கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி 2 தட்டினால் திரை மேலும் கீழுமாகப் பிரியும். 3 தட்டினால் இடமும் வலமுமாக. 0 தட்டினால் கர்சர் நிற்கும் விண்டோ மூடும். 1 தட்டினால் அது மட்டும் மிஞ்சி மற்றவை போகும். அடுத்த விண்டோவுக்குத் தாவ ஓ. இவ்வளவையும் ஒரே உட்காரலில் பழகிவிடலாம். நாம் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்பை ஈமேக்ஸ் தானாகக் கலைப்பதுதான் சிரமம். பலர் வெறுத்துப்போய் ஒற்றை விண்டோவுக்குத் திரும்புவது இதனால்தான். காரணம் தெரிந்துவிட்டால் திரை நம் கைக்கு வந்துவிடும்.

விண்டோவை மூடினாலும் கோப்பு பஃபரில், அதாவது ஈமேக்ஸ் நினைவில் திறந்து வைத்திருக்கும் உரையில், அப்படியே இருக்கும். சேமிக்காத மாற்றம்கூடப் போகாது. கன்ட்ரோல்-எக்ஸ் பி கொடுத்து மீண்டும் எடுக்கலாம். பஃபரையும் சேர்த்து மூட கன்ட்ரோல்-எக்ஸ் 4 0.

ஒரே கோப்பை இரண்டு விண்டோவில் வைப்பதுதான் எனக்கு அதிகம் உதவுகிறது: மேலே செயற்கூறின் (ஃபங்ஷனின்) வரையறை, கீழே அதை அழைக்கும் இடம். ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் உடனே தெரியும். கர்சர் மட்டும் தனித்தனி. ஆனால் கன்ட்ரோல்-எக்ஸ் என் என் கொடுத்து ஒரு பகுதியை மட்டும் காட்டச் சொன்னால் இரண்டு விண்டோவும் சேர்ந்தே சுருங்கும், ஏனென்றால் அந்தச் சுருக்கம் பஃபருக்கு உரியது. அங்கே கன்ட்ரோல்-எக்ஸ் 4 சி கொடுங்கள். அதே உரையைப் பகிரும் இன்னொரு பஃபர் பக்கத்து விண்டோவில் திறக்கும். அதைத் தனியாகச் சுருக்கலாம்.

இனி தானாகக் கலையும் விஷயம். கம்பைல், உதவி, தேடல் என எது புதிதாக ஒரு பஃபரைக் காட்ட வந்தாலும் இரண்டு எண்களைப் பார்க்கும். ஸ்ப்ளிட்-ஹைட்-த்ரெஷோல்ட் 80 வரி, ஸ்ப்ளிட்-விட்த்-த்ரெஷோல்ட் 160 எழுத்து. விண்டோ 80 வரி உயரம் இருந்தால் கீழே பிரிக்கும். இல்லாமல் 160 எழுத்து அகலம் இருந்தால் வலப்பக்கம் பிரிக்கும். 190 எழுத்து அகலமும் 50 வரி உயரமும் உள்ள திரையை நீங்கள் ஏற்கெனவே இரண்டாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 95 எழுத்துதான். இரண்டு நிபந்தனையும் பொருந்தாது. ஆகவே, வெகுநேரம் தொடாத விண்டோவை எடுத்து அதன்மேல் போட்டுவிடும். படித்துக்கொண்டிருந்த கோப்பு மறைவது இப்படித்தான்.

இதற்கு உறுதியான தீர்வு, எந்த பஃபர் எங்கே வர வேண்டும் என்று குறிக்கும் டிஸ்ப்ளே-பஃபர்-அலிஸ்ட் பட்டியல். கம்பைலேஷன் பஃபருக்கு டிஸ்ப்ளே-பஃபர்-இன்-சைட்-விண்டோ என்று குறித்து, பக்கம் பாட்டம், உயரம் 0.25 என எழுதிவிட்டால், வெளியீடு எப்போதும் திரையின் அடியில் கால் பங்கில் வரும். மேலே உள்ளவை இடம் மாறாது. அந்த அடி விண்டோவில் நின்று கன்ட்ரோல்-எக்ஸ் 1 கொடுத்தால் ஈமேக்ஸ் மறுக்கும். அது பழுதல்ல, பக்க விண்டோ தனியாக நிற்க அனுமதி இல்லை.

வலப்பக்கம் பிரித்ததும் நீண்ட வரிகள் மடியாமல் வெட்டுப்படுகின்றனவா? அகலம் 50 எழுத்துக்குக் கீழே போயிருக்கும். ட்ரன்கேட்-பார்ஷியல்-விட்த்-விண்டோஸ் என்பதன் இயல்பு மதிப்பு 50. அதை நில் (nil, அதாவது ‘இல்லை’) ஆக்கினால் வரிகள் மடியும். அகலத்தைக் கூட்டுவதானால் கன்ட்ரோல்-யூ 10 கொடுத்து, பிறகு கன்ட்ரோல்-எக்ஸ் } அழுத்துங்கள். எல்லாவற்றையும் சமமாக்க கன்ட்ரோல்-எக்ஸ் +. 28ஆம் பதிப்பு முதல் ரிப்பீட்-மோட் உண்டு; அதை இயக்கினால் கன்ட்ரோல்-எக்ஸ் ஒருமுறை, பிறகு } மட்டும் தட்டிக்கொண்டே போகலாம்.

விண்டோ அமைப்பின் மாற்றங்களை நினைவில் வைத்திருக்கும் வின்னர்-மோட் இல்லாமல் வேலை செய்யவே வேண்டாம் என்பேன். தவறி 1 தட்டிவிட்டால் கன்ட்ரோல்-சி, இட அம்பு. பழைய அமைப்பு திரும்பும். முன்கூட்டியே இயக்கியிருந்தால்தான் பலிக்கும், ஆகவே ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பிலேயே எழுதுங்கள். குறிப்பிட்ட ஓர் அமைப்பைச் சேமிக்க கன்ட்ரோல்-எக்ஸ் ஆர் டபிள்யூ, பிறகு ஓர் எழுத்து. மீட்க கன்ட்ரோல்-எக்ஸ் ஆர் ஜே, அதே எழுத்து. ஈமேக்ஸை மூடினால் இது அழியும். மறுநாளும் வேண்டுமானால் டெஸ்க்டாப்-சேவ்-மோட்.

மூன்று விண்டோவுக்கு மேல் போனால் ஓ தட்டிச் சுற்றிவருவது அலுப்பு. விண்ட்மூவ் இயக்கினால் ஷிஃப்டும் அம்பும் சேர்ந்து அந்தத் திசைக்கே கொண்டுபோகும். ஆனால் குறிப்பும் பணிப்பட்டியலும் எழுத உதவும் ஆர்க்-மோட் அதே கீகளைத் தேதி, பணிநிலை மாற்ற வைத்திருக்கிறது. ஆர்க் எழுதுபவர்கள் விண்ட்மூவை ஷிஃப்டுக்குப் பதில் வேறொரு கீயில் கட்டிக்கொள்ள வேண்டும்.