யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது: எல்லையோரக் கால்பந்துக் கூட்டமைப்பு அனுபவம்

கால்பந்துக் கூட்டமைப்பு தொடங்குவதில் பந்து, மைதானம், பணம் எல்லாம் எப்படியோ அமைந்துவிடும். எந்த அணியைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதுதான் ஆளை வாட்டி எடுக்கும். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள செவன்ஸ் அணிகளை, அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் அணிகளை, ஒரே அமைப்புக்குள் கொண்டுவரலாம் என்று பேச்சு எழுந்தபோது, விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பந்து ஆடியவன் இல்லை; தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். தமிழிலும் மலையாளத்திலும் பிழையில்லாமல் எழுதுவேன், சண்டைக்குப் போக மாட்டேன். இந்த இரண்டும்தான் என் தகுதி.

எங்கள் சித்தூர் தாலுகாவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஷன் கார்டு கேரளத்துடையது, வீட்டில் பேச்சு தமிழ், சந்தைக்குப் பொள்ளாச்சி. வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சோதனைச் சாவடி. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு கோடுகள் வேறு மாதிரி ஓடின. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. சித்தூரோ கொச்சி ராஜ்யத்தின் பகுதி. என் பாட்டனாருக்குப் பாலக்காடு வெளியூர் ராஜ்யம், எனக்குக் கோயம்புத்தூர் வெளிமாநிலம். இந்த மண்ணில் யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்டால் எந்த வருஷத்துக் கணக்கு என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

அதிகாரபூர்வக் கால்பந்து மாநிலவாரியாக நடப்பது. இந்தப் பக்கத்துக் கிளப் கேரளச் சங்கத்தில், அந்தப் பக்கத்துக் கிளப் தமிழ்நாட்டுச் சங்கத்தில். அறுவடை முடிந்த வயலில் மூங்கில் கேலரி கட்டி ஆடும் செவன்ஸுக்கு அந்தக் கட்டு கிடையாது. ஆனைமலைப் பையன்கள் மீனாட்சிபுரத்தில் ஆடுவார்கள், எங்கள் பையன்கள் கிணத்துக்கடவு வரை போவார்கள். பழக்கமாக நடந்துகொண்டிருந்ததை முறைப்படுத்தலாம் என்றுதான் ஆரம்பித்தோம்.

முதல் கூட்டம் மண்டிக்குப் பின்னால், மட்டை குவிந்து கிடக்கும் கொட்டகையில் நடந்தது. ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்தான் தலைவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். கோவையும் பாலக்காடும் சேர்ந்த பழைய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து கதவில் ஒட்டினார். சாக்குத் தைக்கும் சணலை ஓர் ஆணியில் கட்டி, மறுமுனையில் பென்சிலைச் செருகி, கொழிஞ்சாம்பாறையை மையமாக வைத்து ஒரு வட்டம் போட்டார். "உள்ளே இருப்பவன் உறுப்பினர், வெளியே இருப்பவன் விருந்தாளி. முடிந்தது விவகாரம்" என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

ஜீப் ஓட்டும் தம்பி ஒருவன் மட்டும் வரைபடத்தின் தெற்குக் கோடியில் விரலை வைத்து, "மாஸ்டர், பரம்பிக்குளமும் உள்ளே வருகிறதே?" என்று கேட்டான். வரட்டுமே, நம்முடைய தாலுகாதானே, முதலமடைப் பஞ்சாயத்துதானே என்றார் மாஸ்டர். "பஞ்சாயத்து நம்முடையதுதான். பாதை நம்முடையது இல்லையே." உண்மை. பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது, ஆனால் வண்டியில் வர வேண்டுமென்றால் டாப்சிலிப், சேத்துமடை, ஆனைமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கி, மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். போதாததற்கு அது புலிகள் காப்பகம். பொழுது சாய்ந்த பிறகு வனத்துறைச் சாவடியைத் தாண்ட முடியாது. எங்கள் ஆட்டங்களோ விளக்கு வெளிச்சத்தில் இரவு நடப்பவை. இதற்கு நேர்மாறாக, அதே சணல் வட்டத்துக்குள் கோயம்புத்தூர் நகரமும் விழுந்திருந்தது. மணிக்கொரு பஸ் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்க் கிளப்புகளோடு எங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

வட்டம் போட்டு முடிவு செய்வது நடக்காது என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. பெரிய கூட்டமைப்புகள் என்ன செய்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். மண்டியில் வேலை குறைந்த மத்தியான நேரங்கள் இதற்கே போயின.

படித்தால், அங்கேயும் பூகோளம் பாதி வழிதான் வருகிறது. கயானாவும் சுரினாமும் தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருக்கின்றன. கால்பந்திலோ வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பில். கஜகஸ்தான் 2002-இல் ஆசியாவை விட்டு ஐரோப்பாவுக்குப் போனது. இஸ்ரேலை ஆசியக் கூட்டமைப்பு 1974-இல் வெளியேற்றியது. மற்ற நாடுகள் அதனோடு ஆட மறுத்ததுதான் காரணம். 20 ஆண்டுகள் அலைந்த பிறகு 1994-இல் ஐரோப்பாவில் முழு உறுப்பினரானது. தெற்காசியக் கூட்டமைப்பில் 2005-இல் சேர்ந்த ஆப்கானிஸ்தான், 2015-இல் மத்திய ஆசியாவோடு போய்விட்டது. ஈரானும் உஸ்பெகிஸ்தானும் தஜிகிஸ்தானும் அந்தப் பக்கத்தில்தானே இருக்கின்றன.

நாடு என்பதே அங்கே கறாரான தகுதி இல்லை. 1954-இல் மணிலாவில் ஆசியக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோதே ஹாங்காங் அதில் இருந்தது. இன்றுள்ள 47 உறுப்பினர்களில் குவாமும் மக்காவும் உண்டு. இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத குவாமுக்கும் இந்தியாவுக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இதைப் படித்த பிறகுதான், ஒரு புது அணி வந்தால் பழைய அணிகள் ஏன் முகத்தைச் சுளிக்கின்றன என்று எனக்குப் பிடிபட்டது. மைதானத்தில் வரும் போட்டியைவிடக் கூட்டத்தில் வரும் ஓட்டுதான் அவர்களை உறுத்துகிறது.

விண்ணப்பங்கள் வர ஆரம்பித்தன. பெரும்பாலானவற்றில் பேச ஒன்றுமில்லை. ஒருவரோடொருவர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்கள், கையெழுத்துப் போட்டார்கள், சேர்ந்தார்கள். தகராறு வந்த இரண்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பணக்கார அணி. ஸ்பான்சர் உண்டு, சொந்த வேன் உண்டு, வெளியிலிருந்து ஆட்டக்காரர்களைக் கூட்டிவரும் வசதியும் உண்டு. அவர்களைச் சேர்த்தால் கோப்பையை இப்போதே அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சிலர் பொருமினார்கள். கூட்டம் சேரும், வசூல் வரும் என்று சிலருக்கு ஆசை. நான் ஆஸ்திரேலியாவின் கதையைச் சொன்னேன். ஓசியானியாவில் இருந்தபோது 2001-இல் அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று அடித்த அணி அது. அப்படி ஜெயித்து யாருக்கு என்ன பயன்? 2006 ஜனவரி 1 முதல் ஆசியாவுக்கு வந்தது. 2015-இல் தன் சொந்த மண்ணில் தென் கொரியாவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பையையும் எடுத்தது. பலசாலியைச் சேர்ப்பதால் கூட்டமைப்பு கெட்டுவிடாது என்பதற்கு இது சாட்சி என்று மாஸ்டர் மகிழ்ந்தார்.

அதே கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஆஸ்திரேலியா 2013-இல் தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பிலும் உறுப்பினரானது. ஆனால் அந்த வட்டாரத்தின் முதன்மைக் கோப்பைப் போட்டிக்குத் தன் ஆண்கள் அணியை அனுப்பியதில்லை. உறுப்பினராக இருப்பது வேறு, ஆட வருவது வேறு. பணக்கார அணி எங்களிடம் செய்யக்கூடியதும் இதுதான்: பெயரைப் பதிந்துவிட்டு, பெரிய கூட்டம் வரும் ஆட்டத்துக்கு மட்டும் வருவது. ஆகவே விதியில் ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் தன் மைதானத்தில் எத்தனை ஆட்டம் நடத்துகிறதோ அத்தனை ஆட்டத்தை அடுத்தவர் மைதானத்திலும் ஆட வேண்டும். ஒரு பருவம் தவறினால் ஓட்டு போய்விடும், இரண்டு பருவம் தவறினால் உறுப்பினர் பதவியே போய்விடும். வெளியாட்களுக்கும் உச்சவரம்பு வைத்தோம். அவர்கள் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் தொடக்க உறுப்பினர்களில் ஓர் ஊர் அணியில், உற்சவத்து ஆட்டத்தின் வசூல் கணக்கில் மனத்தாங்கல் வந்து பாதிப் பேர் பிரிந்திருந்தார்கள். பிரிந்தவர்கள் தனி அணி கட்டி, தனியாக விண்ணப்பம் கொடுத்தார்கள். தாய் அணி கொதித்துப்போய், 'ஓர் ஊருக்கு ஓர் அணி' என்று உடனே விதி எழுதச் சொன்னது. மற்ற உறுப்பினர்களில் பலரும் தலையாட்டினார்கள். நாளைக்குத் தங்கள் ஊரிலும் இப்படி நடக்கலாம் அல்லவா?

நான் ஜிப்ரால்டரைக் கையில் எடுத்தேன். ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி அது; ஸ்பெயின் அதைத் தன்னுடையது என்கிறது. அவர்களுடைய கால்பந்துச் சங்கம் 1895-இலிருந்து இருக்கிறது. 1990-களின் இறுதியில் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர விண்ணப்பித்தார்கள். ஸ்பெயினுக்குப் பிடிக்கவில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே, 2001-இல், ஐக்கிய நாடுகள் சபை தனி நாடாக ஏற்ற இடங்களுக்கு மட்டுமே இடம் என்று கூட்டமைப்பு விதியை மாற்றியது. லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. விண்ணப்பித்தபோது இருந்த விதியைக் கொண்டுதான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் 2007-இல் ஓட்டெடுப்பு வைத்துத் தோற்கடித்தார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மட்டுமே ஆதரவு. கடைசியில் 2013 மே மாதம் உள்ளே விட்டார்கள். அப்போது எதிர்த்து நின்றவை ஸ்பெயினும் பெலாரஸும்தான். எப்படியும் சேர்க்கப்போகிற ஓர் அணியை இத்தனை வருஷம் வாசலில் நிறுத்தியதில் கூட்டமைப்புக்குக் கிடைத்த லாபம் என்ன என்று கேட்டேன்.

தாய் அணியின் சார்பில் பேசிய இளைஞன் கெட்டிக்காரன். அவனும் படித்துக்கொண்டு வந்திருந்தான். "அண்ணா, ஜான்சிபாரை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்றான். ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 2017 மார்ச்சில் ஜான்சிபாரை உறுப்பினராக்கி, அதே ஆண்டு ஜூலையில் ரத்து செய்தது. தான்சானியாவின் ஒரு பகுதிக்குத் தனி உறுப்பினர் பதவி எப்படித் தர முடியும் என்ற கேள்விதான் காரணம். கொட்டகையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான்: ஜான்சிபார் உதாரணத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 'சேர்க்காதே' என்பது அல்ல, 'சேர்ப்பதற்கு முன் விதியைப் பார்' என்பது. விண்ணப்பம் நம் கைக்கு வந்தபோது ஓர் ஊருக்கு ஓர் அணி என்ற விதி இருந்ததா? இல்லை. வேண்டுமென்றால் இன்றைக்கு அந்த விதியை எழுதுங்கள், அடுத்து வருபவர்களுக்கு அது பொருந்தட்டும். வந்து நிற்பவனின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதற்குப் பெயர் விதி இல்லை.

வாக்குவாதம் அதோடு ஓயவில்லை. செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோ 2016-இல் 28-க்கு 24 என்ற ஓட்டில் ஐரோப்பாவுக்குள் நுழைந்ததையும் பேசினோம், உற்சவத்து வசூலையும் பேசினோம். இதில் இரண்டாவதுதான் நெடுநேரம் ஓடியது. முடிவில் கைதூக்கச் சொல்லவில்லை. சீட்டு எழுதிப் போடச் சொன்னார் மாஸ்டர். அது புத்திசாலித்தனம். அடுத்த வீட்டுக்காரன் பார்க்கக் கைதூக்குவதற்கு எங்கள் ஊர்களில் யாருக்கும் துணிச்சல் வராது. குறைந்த வித்தியாசத்தில் பிரிந்த அணி உள்ளே வந்தது. அடி தடி வராமல் இருக்க ஐரோப்பாவிடமிருந்தே ஒரு வழியைக் கடன் வாங்கினோம். ஜிப்ரால்டரும் ஸ்பெயினும் தகுதிச் சுற்றில் ஒரே பிரிவில் வராதபடி அங்கே குலுக்குவார்கள். நாங்களும் இந்த இரண்டு அணிகளை வெவ்வேறு பிரிவில் போட்டோம். இறுதியாட்டத்தில் சந்தித்தால் சந்திக்கட்டும். அன்றைக்கு வசூல் பிய்த்துக்கொண்டு போகும் என்று பொருளாளர் இப்போதே கனவு காண்கிறார்.

பரம்பிக்குளத்துப் பையன்களைச் சேர்த்ததில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை, சிக்கல் அட்டவணையில்தான். அவர்களுடைய ஆட்டங்களைச் சனி, ஞாயிறு காலையில் அடுத்தடுத்து வைத்தோம். சனிக்கிழமை இரவு இங்கேயே தங்கல், சாப்பாடு எதிரணியின் பொறுப்பு. காலை ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று பொருளாளர் அழுதார். கேலரிக் கட்டணம் வேண்டாம், தட்டு ஏந்துவோம் என்றோம். தட்டில் விழுந்தது வண்டி டீசலுக்குக் கட்டியது.

இன்னும் முடியாமல் கிடப்பது விருந்தாளி அணிகளைப் பற்றிய பிரிவு. 2023-இல் பெங்களூருவில் நடந்த தெற்காசியப் போட்டிக்குக் குவைத்தையும் லெபனானையும் அழைத்திருந்தார்கள். அரையிறுதியில் லெபனானையும் இறுதியில் குவைத்தையும் இந்தியா பெனால்டியில்தான் வெல்ல முடிந்தது. அதைப் பார்த்து நாங்களும் ஒவ்வொரு பருவமும் வெளியிலிருந்து ஓர் அணியை அழைக்கலாம், ஓட்டு மட்டும் கிடையாது என்று எழுதினோம். மலப்புறத்திலிருந்து ஓர் அணியைக் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அவர்கள் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், அடுத்த வருஷம் அதைத் திருப்பிக் கொண்டுவரும் வண்டிச் செலவு யாருடையது என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் முதல் விஷயம் அதுதான். சுழற்கோப்பையை இங்கேயே வைத்துக்கொண்டு, ஜெயித்தவர்களுக்குச் சிறிய கோப்பை ஒன்றைக் கொடுத்து அனுப்பலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன். மாஸ்டர் அதைக் கஞ்சத்தனம் என்கிறார்.