கால் மணி தள்ளித் தொடங்கும் ஊர்

அட்டவணையில் வகுப்பு 10 மணிக்கு என்று இருந்தது. முதல் நாளாயிற்றே என்று 9.50-க்கே போய் உட்கார்ந்துவிட்டேன். 10 ஆனது, ஈ காக்கை இல்லை. 10.08 வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ மின்னஞ்சலைப் படிக்காமல் விட்டிருக்கிறோம் என்று என்னையே திட்டிக்கொண்டு பையைத் தூக்கி வெளியே வந்தால், நாற்பது பேர் கையில் காப்பியோடு சாவகாசமாகப் படியேறி வருகிறார்கள். ஸ்வீடனில், உப்சாலாவில் என் எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் இப்படித்தான் தொடங்கியது.

இதற்கு அங்கே 'அகடெமிஸ்க் க்வார்ட்' என்று பெயர், படிப்பாளிகளின் கால் மணி என்று வைத்துக்கொள்ளலாம். 10 என்று போட்டிருந்தால் 10.15. அதுவே 10.00 என்று சுழியெல்லாம் போட்டு எழுதியிருந்தால் சரியாகப் பத்து. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் மணி ஓசை கேட்டுக் கிளம்பி வர மாணவர்களுக்குக் கொடுத்த அவகாசம் என்கிறார்கள். 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நோர்டிக் நாடுகளிலேயே பழையது, ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடுமா? ஆனால் தாமதமாக வரலாம் போல என்று நினைத்தால் ஏமாந்தோம். 10.17-க்கு உள்ளே நுழைந்தேன் ஒருநாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

படிப்பு முறையும் புதிது. ஒரு நேரத்தில் ஒரே பாடம்தான். செமஸ்டருக்கு 30 கிரெடிட் புள்ளிகள், நான் எடுத்தவை ஏழரைப் புள்ளிப் பாடங்கள் நான்கு, ஒவ்வொன்றும் ஐந்து வாரம். வாரத்துக்கு இரண்டு மூன்று வகுப்பு, மற்ற நாளெல்லாம் சும்மா. அப்படித்தான் நினைத்தேன், படிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியலைத் திறந்து பார்க்கும்வரை. பேராசிரியருக்கு 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், பெயரைச் சொல்லியே கூப்பிடலாம் என்று பதில் வந்தது. வாய் வரவில்லை. கடைசிவரை 'வணக்கம்' என்று மட்டும் போட்டுச் சமாளித்தேன்.

தேர்வுக்கு 'டென்டா' என்பார்கள். விடைத்தாளில் பெயர் கிடையாது, ஒரு குறியீடு மட்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணி நேரம். வாழைப்பழம், சாண்ட்விச், ஃபிளாஸ்க் நிறையக் காப்பி என்று பிக்னிக் போல வந்து உட்கார்கிறார்கள், நாம் மூன்றாம் கேள்வியில் முழி பிதுங்கிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் ஒருவர் நிதானமாகப் பழம் உரிக்கிறார். முதல் டென்டாவை நான் எழுதவே இல்லை. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், மறந்துவிட்டேன். வாசலில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார், அவ்வளவுதான். மறுதேர்வில் எழுதிக்கொள்ளலாம், அதை அங்கே யாரும் பெரிய அவமானமாக நினைப்பதில்லை. நான்தான் இரண்டு நாள் சோகமாகத் திரிந்தேன்.

இன்னொன்று, போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு அந்த ஊர் ஆள் எண், அதாவது அரசு தரும் அடையாள எண், கிடைக்காது. அது இல்லாமல், கைப்பேசியில் பணம் அனுப்பும் 'ஸ்விஷ்' செயலி இல்லை. ஸ்விஷ் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் வாங்குவதுகூடப் பாடு, விற்கிறவர் நோட்டைக் கையால் வாங்கவே தயங்குகிறார். விடுதியில் பக்கத்து அறைப் பெண் தன் கைப்பேசியிலிருந்து அனுப்பி உதவினாள். கடனை அவளிடம் ரொக்கமாகவே கொடுத்தேன். அந்த நோட்டுகளை எங்கே செலவழிப்பது என்று அவள் ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

தங்கியது ஃப்லோக்ஸ்டாவில், நகரத்தின் மேற்கு ஓரத்தில் உயரமான மாணவர் குடியிருப்புகள். நடைவழிக்குப் பன்னிரண்டு அறை, ஒரே சமையலறை. இரவு பத்து அடித்ததும் ஜன்னலைத் திறந்து கத்துவார்கள். ஆமாம், கத்துவதுதான், கட்டடம் கட்டடமாக. பகலெல்லாம் லிஃப்டில் கண்ணைக்கூடப் பார்க்காதவர்கள் பத்து மணிக்கு ஊளையிடுகிறார்கள், அதற்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நவம்பரில் நானும் சேர்ந்துகொண்டேன்.

நவம்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் டிசம்பரைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள், மூன்று மணிக்கு முன்பே சூரியன் போய்விடும் என்று. போகிறதுதான். ஆனால் டிசம்பரில் ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திர விளக்கும் மெழுகுவத்தியும் இருக்கின்றன, 13-ஆம் தேதி லூசியா என்ற விளக்குத் திருநாள் வருகிறது, பனி விழுந்துவிட்டால் தரையே வெளிச்சம் தருகிறது. நவம்பரில் ஒன்றும் இல்லை. ஈர இலை, கறுப்புத் தார்ச்சாலை, மழையா மூடுபனியா என்று தீர்மானிக்காத ஏதோ ஒன்று. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்பினார்கள், மறுநாள் மதியத் தூக்கம் போட்டு எழுந்தால் இரவு. ஃபோனில் அம்மா 'சாப்பிட்டியா' என்று கேட்டபோது எந்தச் சாப்பாடு என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த மாதம் என்னைக் காப்பாற்றியது மாணவர்களின் 'நேஷன்'களில் ஒன்று. பழைய காலத்தில் சொந்த மாவட்டத்தைப் பொறுத்து மாணவர்கள் சேர்ந்த சங்கங்கள், மொத்தம் பதின்மூன்று, இப்போது எதில் வேண்டுமானாலும் சேரலாம். வாரம் ஒருநாள் அதன் சமையலறையில் வெங்காயம் நறுக்கினேன். ஸ்வீடன்காரர்கள் பேசமாட்டார்கள் என்பது பொய், கையில் வேலை இருந்தால் நன்றாகவே பேசுகிறார்கள்.

அப்புறம் துணி துவைக்கும் அறை. அந்த நாட்டின் உண்மையான சட்டம் அங்கேதான் அமலில் இருக்கிறது. நேரம் பதிவு செய்துதான் துவைக்க வேண்டும், அடுத்தவர் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கை வைக்கக் கூடாது. ஒருமுறை பன்னிரண்டு நிமிடம் தாண்டிவிட்டேன். போய்ப் பார்த்தால் என் ஈரத்துணி முழுக்கக் கூடையில் அடுக்கி வெளியே வைத்திருக்கிறது, மேலே ஒரு சீட்டு: 'உங்கள் நேரம் 16.00-க்கு முடிந்தது.' கீழே ஒரு சிரிப்பு முகம். சுழிகளைக் கவனியுங்கள்.

ஜனவரி நடுவில் கிளம்பினேன். ரயிலில் ஆர்லாண்டா விமான நிலையம் போகும்போதுதான் நினைவு வந்தது, வியாழக்கிழமை மாலைக்கு ஒரு நேரம் பதிவு செய்து வைத்திருந்தேன். கைப்பேசியைத் திறந்து முதல் வேலையாக அதை ரத்து செய்தேன்.