கரடிப் பெட்டியும் கிண்டிக் குரங்கும்

வேளச்சேரியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, எல்லோரையும் போல பாதாம் பருப்பும் சாக்லேட்டும் கொண்டுவந்ததோடு, சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஒன்றையும் கொண்டுவந்தார். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் 'ஜூனியர் ரேஞ்சர்' என்பதற்கான அடையாளம் அது. சிறுவர்களுக்குத் தருவதுதானே என்று யாரோ கேட்டுவிட, பெரியவர்களும் பெறலாம் என்பதை அவர் மொட்டை மாடியில் அரை மணி நேரம் விளக்கினார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், விளக்கத்தில் அளவுகளும் ஆண்டுகளும் தாராளமாக வந்து விழுந்தன.

உண்மையில் அவர்கள் அருவி பார்க்கத்தான் போயிருக்கிறார்கள். யோசெமிட்டி அருவி 739 மீட்டர் உயரம், மூன்று கட்டங்களாக விழுவது, உலகப் புகழ் பெற்றது என்றெல்லாம் சொல்லி மகள் பல மணி நேரம் காரோட்டி அழைத்துப் போனார். அந்த அருவிக்குத் தண்ணீர் தருவது மலையில் உருகும் பனி. கோடையின் கடைசியில் பனி தீர்ந்துவிட்டால் அருவியும் தீர்ந்துவிடும். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது 739 மீட்டர் உயரத்துக்குக் காய்ந்த பாறை மட்டும் இருந்தது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம், நம்ம பல்லாவரத்துலயே பாறை இருக்கே" என்று அவருடைய மனைவி சொன்னதாகக் கேள்வி. நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் அந்த அம்மையார் எதையும் சுருக்கமாகச் சொல்லக்கூடியவர்.

அருவி இல்லாத பொழுதைப் போக்க, பள்ளத்தாக்கின் நடுவே 'யோசெமிட்டி கிராமம்' என்று அழைக்கப்படும் இடத்தில் இருந்த பார்வையாளர் மையத்துக்குப் போனார்கள். பாறைகள் எப்படி உருவாயின, பனியாறு பள்ளத்தாக்கை எப்படிக் குடைந்தது, 1864இல் லிங்கன் கையெழுத்திட்டு இதைக் காப்பாற்றியது, 1890இல் தேசியப் பூங்கா ஆனது என எல்லாவற்றையும் அங்கே பலகை பலகையாக எழுதி வைத்திருந்தார்கள். செயலாளர் ஒரு பலகையையும் விடாமல் படித்தார். அக்கா உட்கார இடம் தேடினார். பேரனுக்கு ஜூனியர் ரேஞ்சர் பயிற்சி நூல் ஒன்று வாங்கினார்கள். பேரன் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு ஐஸ்கிரீம் கேட்டான். காசு கொடுத்து வாங்கிய நூல் வீணாகப் போவதைப் பொறுக்க முடியாத தாத்தா மீதியை நிரப்பத் தொடங்கினார்.

நூலை நிரப்பினால் மட்டும் போதாது, ஒரு பை குப்பையும் பொறுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கேதான் அவருக்கு உண்மையான சோதனை காத்திருந்தது. எங்கள் தெருவில் அந்தப் பையை நிரப்ப, வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போதும். அங்கேயோ மனிதர் வெயிலில் அலைந்து திரிந்தும் கையில் சிக்கியது ஒரு பாட்டில் மூடியும் கிழிந்த மிட்டாய் உறையும்தான். கடைசியில் அக்கா தன் கைப்பையிலிருந்து பழைய பேருந்துச் சீட்டுகளையும், விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டின் உறையையும் எடுத்துக் கொடுத்து உதவினார். அதன் பிறகு, தட்டையான விளிம்புத் தொப்பி அணிந்த ரேஞ்சர் முன்னால், இடுப்புயரக் குழந்தைகளின் வரிசையில் நின்று, வலது கையை உயர்த்தி, இயற்கையைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அந்தப் புகைப்படம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இன்றும் அவ்வப்போது வலம் வருகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அன்று இரவு அவர்கள் தங்கிய கூடாரத்தின் வாசலில் கனத்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. சாப்பாடு, பற்பசை, சோப்பு என வாசனை உள்ள எதையும் காரிலோ கூடாரத்திலோ வைக்கக் கூடாது, அந்தப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கருங்கரடி காரின் கதவையே பிய்த்துவிடும். அக்காவின் தக்காளித் தொக்கும் பெருங்காய டப்பாவும் அந்த இரவைப் பெட்டிக்குள்தான் கழித்தன. 1998இல் மட்டும் அந்தப் பூங்காவில் 1,500க்கும் மேற்பட்ட கரடித் தொல்லைகள் பதிவாயின என்பதையும், இந்தப் பெட்டிகளும் கண்டிப்பான விதிகளும் பரவிய பிறகு அது வெகுவாகக் குறைந்தது என்பதையும் கேட்டறிந்த செயலாளர், டார்ச் வெளிச்சத்தில் பெட்டியின் தாழ்ப்பாளை நாட்குறிப்பில் படமாக வரைந்துகொண்டார்.

ஏன் என்பது வேளச்சேரிக்காரர்களுக்குப் புரியும். நமக்கும் ஊருக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா உண்டு. 1978இல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். யோசெமிட்டியின் 3,000 சதுர கிலோமீட்டருக்குள் அதைப் போல ஆயிரத்தை வைத்த பிறகும் இடம் மிஞ்சும். ஆனாலும் புள்ளிமானும் வெளிமானும் நரியும் வாழும் உண்மையான காடு அது. மான்கள் ஒழுங்காக வேலிக்குள் இருக்கின்றன. நாட்டுக் குரங்குகளுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. பூங்காவை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தின் மரங்கள் வழியாக வந்து, எங்கள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, மாம்பழக் கொட்டையைச் சப்பிவிட்டு, மீதியைப் படிக்கட்டு முழுக்கப் பரப்பிவிட்டுப் போவது அவற்றின் வழக்கம்.

செயலாளர் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்து, கரடிப் பெட்டித் தீர்மானத்தை நிறைவேற்றினார். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் பெட்டி செய்யப்பட்டது. வேலை அருமை என்றே சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் வெளியில் தெரியாது. குறுகலான ஒரு உலோக மறைப்புக்குள் கையை நுழைத்து, உள்ளே இருக்கும் கொக்கியை விரலால் தூக்க வேண்டும். கரடியின் பெரிய பாதம் அந்த இடுக்குக்குள் நுழையாது, நுழைந்தாலும் கொக்கியைத் தூக்க விரல் வளையாது என்பதுதான் அதன் தத்துவம்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. மூன்றாம் மாடிப் பாட்டிக்குத் திறக்க வரவில்லை. பால்காரர் முயன்று பார்த்து, மணிக்கட்டைச் சிராய்த்துக்கொண்டார். என் முறை வந்தபோது, நான் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கையை விட்டேன். கூட்டம் கலைந்து, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கையில், மதில் மேலிருந்து ஒரு பெண் குரங்கு, வயிற்றில் குட்டியோடு, இறங்கி வந்தது. பெட்டியின் முன் உட்கார்ந்தது. ஒல்லியான கையை மறைப்புக்குள் விட்டது. எங்கோ பார்த்தபடி, அலட்சியமாக, ஒரு விரலால் கொக்கியைத் தூக்கியது. கரடியிடம் இல்லாத ஒன்றை நம்பிச் செய்த தாழ்ப்பாள் அது. குரங்கிடம் அது கைக்கு ஐந்து இருக்கிறது என்பதை, பொறியாளர் உட்பட எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

செயலாளர் மனம் தளரவில்லை. பெட்டியைவிட மனிதர்களைத் திருத்துவதே முக்கியம், நம் சாப்பாட்டுக்குப் பழகிய விலங்குதான் தொல்லை செய்யும், யாரும் குரங்குக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார். இது முற்றிலும் சரியான பேச்சு. காட்டிலாகாவும் இதையேதான் சொல்கிறது. சிக்கல் அவர் வீட்டிலேயே இருந்தது. சனிக்கிழமைதோறும் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பது அக்காவின் நீண்டகால ஆஞ்சநேயர் வழிபாடு. அதற்கு அபராதம் என்று அடுத்த கூட்டத்தில் அவர் தொடங்கியபோது, அக்கா பேரனின் புத்தகத்தில் படித்ததை எடுத்துவிட்டார்: அதே யோசெமிட்டியில் 1920களிலும் 30களிலும் பூங்காக்காரர்களே இரவில் விளக்குப் போட்டு, மேடை அமைத்து, கரடிகளுக்கு எச்சில் சோற்றைக் கொட்டி, அதை வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். "அவங்களுக்குப் புத்தி வர அத்தனை வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு ஆறு மாசம் டைம் குடுங்க" என்றார். அவகாசம் ஒருமனதாக வழங்கப்பட்டது.

ஆண்டுக் கணக்கைப் பார்த்த தணிக்கையாளர், வேளச்சேரியில் 'கரடித் தடுப்புப் பெட்டி' என்ற செலவினம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். இதுவரை ஒரு கரடியும் அதைத் திறந்ததில்லை என்று செயலாளர் எழுத்துபூர்வமாகப் பதிலளித்துவிட்டார்.

இப்போது பெட்டிக்கு நான்கு இலக்க எண் பூட்டு போட்டிருக்கிறோம். எண் 1890; யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆன ஆண்டு, யாரும் மறக்கவே மாட்டார்கள் என்றார். முதல் வாரமே எல்லோரும் மறந்து குப்பையை வெளியே வைத்ததால், பெட்டிக்கு மேலே சுவரில் மார்க்கரால் அதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். குரங்குகள் மதிலில் உட்கார்ந்து, நாங்கள் ஒவ்வொருவரும் எண்ணைத் திருப்புவதை உன்னிப்பாகப் பார்க்கின்றன. அவற்றுக்கு எண் படிக்கத் தெரியாது என்று செயலாளர் உறுதியாகச் சொல்கிறார். அக்கா எதுவும் சொல்வதில்லை.