பழைய மாத்திரைப் பையையும் எடுத்துட்டு வாங்க

வேலூர்ப் பக்கம் மெடிக்கலில் நிற்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வருகிறவர்களுக்குக் குழப்பம் ஆரம்பிப்பதே வீடு திரும்பிய முதல் வாரத்தில்தான். உள்ளே இருக்கும்வரை நர்ஸ் வேளாவேளைக்குக் கையில் கொடுத்து விழுங்க வைப்பார். வெளியே வந்ததும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு, ஒரு பை புது மாத்திரை. வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இன்னொரு பை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பார்மசிஸ்ட்டாக என் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். எண்ணிக் கவரில் போடுவதற்கு நாலு வருஷம் படிக்க வேண்டியதில்லை.

போன கோடையில் வாலாஜா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகளோடு வந்தார். எழுந்தால் தலை சுற்றுகிறதாம், புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையாம். பழசு ஏதாவது போடுறீங்களாய்யா என்றால், “அது எப்பவும் போடற பிரஷர் மாத்திரைதாம்மா, அதுக்கென்ன” என்கிறார். மஞ்சப்பையை மேசையில் கொட்டச் சொன்னேன். புதுச் சீட்டில் பிரஷர் மருந்தான டெல்மிசார்டான் 40, பழைய அட்டையிலும் டெல்மிசார்டான் 40. கம்பெனி வேறு, கம்பெனி வைத்த பெயர் வேறு, அட்டை நிறம் வேறு, அதனால் இரண்டையும் போட்டு வந்திருக்கிறார். அப்புறம் நீர் பிரிய ஒரு மாத்திரை, மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த டைக்ளோபினாக். இந்த மூன்று வகையும் ஒன்று சேர்ந்தால் கிட்னிக்கு ஆகாது, அதுவும் நம்மூர் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்கிற வயசில். இன்னொரு துண்டு அட்டையில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. (நாலு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கினால் இப்படித்தான் ஆகும். பெயரையும் காலாவதித் தேதியையும் கவர்மேல் எழுதிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.)

சீட்டில் இருப்பதை நானாக மாற்ற முடியாது, சட்டமும் விடாது. டாக்டருக்குப் போன் போட்டோம், அவர் பழைய அட்டையையும் வலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி, கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை.

2021இல் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்த பிறகு சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அதையும் வாங்கி, தனியார் டாக்டர் எழுதியதையும் வாங்கி, இரண்டிலும் மெட்பார்மின் என்ற அதே சுகர் மருந்து இருப்பது தெரியாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபி அரை மணி நேரமாவது கழித்து. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்சுலினுக்கு வேலூர் வெயில் பெரிய எதிரி. வண்டிக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். காட்பாடியில் ரயிலேறி வங்காளம் வரை போகிறவர்கள் பயந்துபோய் ஐஸ் கட்டிமேலேயே வைத்துவிடுகிறார்கள், அதுவும் தப்பு. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. துணியில் சுற்றி, ஐஸ் படாமல் வைக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈரமண் நிரப்பிய பானைக்குள் சின்னப் பானை வைத்து அதில் வைக்கலாம்.

பார்மசிஸ்ட்டுகளுக்கான 2015 விதிமுறைப்படி மருந்தை விளக்கிச் சொல்வதும் எங்கள் கடமை. சரி, சாயங்காலம் ஏழு மணிக்கு எட்டுக் கை ஒரே நேரத்தில் சீட்டை நீட்டும்போது யாருக்கு என்ன விளக்குவது? பிற்பகல் இரண்டிலிருந்து நாலுக்குள் வாருங்கள். கூட்டம் இருக்காது, மேசை காலியாக இருக்கும், பையை முழுசாகக் கொட்டலாம்.